மதினி, கம்ப்யூட்டர் அறையில் நீங்கள் இல்லை

சத்தம் போட்டே பாசம் காட்டிய என் பார்வதி மதினிக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். இது யாருக்குப் போய்ச் சேரும், யார் பிரித்துப் படிப்பார்கள் என்று கேட்டிருப்பேன். இப்போது நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு உங்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று உங்களோடு பாடம் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தா கேட்டாள். உட்கார்ந்து பார்த்தேன். உங்களைப் பற்றி எழுத ஒன்றும் வரவில்லை, உங்களிடம் கேட்கத்தான் வருகிறது. அதனால் இப்படியே இருக்கட்டும். கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். செல்வியிடம் நான் சொன்னது சரியா?

மலரைப் படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. நம் வீட்டில் மாடியில் நான், கீழே அண்ணனும் நீங்களும். பகலில் கீழ்க்கூடம் உங்கள் பள்ளிக்கூடமாகிவிடும். நாலு வயதும் ஐந்து வயதுமாக ஒரு கூட்டம். பாதிக்குமேல் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் உள்ளவர்களின் பிள்ளைகள். காலையில் நான் இறங்கி வரும்போது யாராவது ஒன்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும். நான் ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவேன். "பிள்ளைகளக் கண்டா ஏதோ ஈரத் தரையில நடக்குற மாதிரி நடக்குறியே" என்பீர்கள். அவர்களுக்கு நான் மாடி அத்தை. அதற்குமேல் எங்களுக்குள் பழக்கம் கிடையாது.

மாதம் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வைப்பது உங்கள் வழக்கம். போஸ்ட்மேன் வந்தார். பஸ் கண்டக்டர் வந்து விசிலை ஆளுக்கு ஒரு தடவை ஊதக் கொடுத்தார். அண்ணன் பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை சம்பங்கியோடு வந்து, பூவைக் கொட்டிவிட்டு, பேச்சு வராமல் திரும்பிப் போனார். வருகிறவர் தன் வேலையிலிருந்து தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கொண்டுவர வேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம்.

என்னையும் விடவில்லை நீங்கள். "நீயி எம்மெஸ்சி படிச்சுட்டு அந்தக் குளிர் ரூம்ல உக்காந்து என்னதான் புள்ள பண்ற? எனக்கே தெரியாது. அதுகளோட சேந்து நானும் கேட்டுக்கிறேன், வா."

தொட்டுப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது மதினி? மில்லில் யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், எத்தனை மூட்டை பஞ்சு வந்தது, எத்தனை மூட்டை நூல் போனது, இதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் பார்ப்பதற்கு வழி எழுதிக் கொடுப்பது என் வேலை. இதில் எதைக் கையில் எடுத்துக் காட்டுவது? பெரியவர்களுக்கே நான் இதுவரை ஒழுங்காக விளக்கியதில்லை. உங்களுக்கும் விளக்கவில்லை. அதனால்தான் நீங்கள் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வந்தீர்கள்.

போயும் போயும் ஆயுத பூஜை அன்றைக்கு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மில்லுக்குள் குடும்பத்தோடு வர விடுவார்கள் என்பது உங்கள் நியாயம். அந்த ஒரு நாள்தான் எந்த இயந்திரமும் ஓடக் கூடாது என்பதை நீங்கள் யோசிக்கவில்லை.

எங்கள் அறையையும் மில் எலெக்ட்ரீஷியன் விடவில்லை. மூன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை. திரைமேல் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை. கீபோர்டுக்குள் சந்தனம் போய்விடக் கூடாதே என்று நான் துணியைப் போட்டு மூடினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் அந்தத் துணிமேலும் ஒரு பொட்டு வைத்தார்.

வாசலில் குட்டிச் செருப்புகளை நீங்கள் கழற்ற வைத்தீர்கள். உள்ளே வந்ததும் அத்தனை பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு ஒட்டி நின்றார்கள். அந்தக் குளிர் அவர்களுக்குப் புதிது. ஒரு பையன்தான் முதலில் கேட்டான்.

"இது என்ன பண்ணும் அத்தை?"

"கணக்குப் போடும்."

"போடச் சொல்லுங்க."

"இன்னைக்குப் போடாது. லீவு."

"நாளைக்கு?"

"நாளைக்கு நீங்க வர முடியாது."

அவன் கொஞ்சம் யோசித்தான். செருப்பு கழற்றியாயிற்று, மாலை இருக்கிறது, பட்டை இருக்கிறது, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. கைகூப்பிவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் கைகூப்பினார்கள். முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை என்னிடம் உள்ளங்கையை நீட்டினாள். எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் பூஜைத் தட்டை எடுத்து என் கையில் திணித்தீர்கள்.

"துன்னூறு கேக்குறா. குடு. கை நீட்டுன பிள்ளைய வெறுங்கையா அனுப்பாத."

கொடுத்தேன். வரிசையாக எல்லோருக்கும் கொடுத்தேன். கோயிலுக்கே போகாத நான் அன்றைக்குப் பூசாரியானேன். முதலில் கை நீட்டியவள்தான் செல்வி. எங்கள் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்க்கும் மாரியம்மாளின் மகள்.

அன்று சாயங்காலம் உங்களோடு சண்டை போட்டேன். அது சாமி இல்லை, மெஷின் என்று நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்றேன். நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தீர்கள். "ஒன் மெஷினு சாமி மாதிரிதானடி இருக்கு. குளிர்ல உக்காந்துருக்கு. செருப்புப் போட்டுக்கிட்டுக் கிட்டப் போகக் கூடாது. என்னமும் கேக்கணும்னா நடுவுல ஒரு ஆளு வேணும்." அதெல்லாம் கிடையாது, மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். "மாத்தணும்னா நீயே வந்து மாத்து. நான் சொன்னா நம்பாதுக. பொங்கல் கழிச்சு ஒன் முறை" என்றீர்கள். சரி என்றேன். தேதிகூடக் குறித்தோம்.

அந்த மார்கழி முழுக்க மேனேஜருக்குத் தூக்கம் இல்லை. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் தேதியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நீங்கள்தான் நின்றுபோனீர்கள். கோலம் போட்டுவிட்டு வந்து, "நெஞ்சக் கட்டுது, செத்த நேரம் சாஞ்சுக்கிறேன், சுக்குத் தண்ணி வையி" என்றீர்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

பள்ளியை மூடிவிடலாம் என்றார் அண்ணன். ஜெசிந்தாதான் விடவில்லை. பொங்கல் முடிந்ததும் திறந்தாள். முதல் நாளே பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், பெரிய மிஸ் எங்கே என்று. அவள் தன் மனதில் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். "பெரிய மிஸ் சாமிகிட்டப் போயிட்டாங்க. அங்க நல்லா இருக்காங்க." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் அவள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த சாமிகளில் ஒன்று பத்தலகுண்டு ரோட்டில், குளிர் அறையில் இருக்கிறது என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மில் வாசலிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார். "மேடம், ஒங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ள ஒண்ணு இங்க நிக்குது. செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு, சாமி ரூமுக்குப் போகணும்ங்குது."

அந்த ரோட்டில் எப்படி லாரி போகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, திட்டிக்கொண்டேதான் கடப்பீர்கள். பள்ளிக்கூட வாசலிலிருந்து நழுவி வந்த நாலு வயதுப் பிள்ளை தனியாக எப்படிக் கடந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஓடிப்போனபோது அவள் வாட்ச்மேன் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த?"

"மிஸ்ஸப் பாக்க."

"இங்க இல்ல."

"உள்ள இருப்பாங்க. சாமிகிட்ட."

வாசலில் வைத்தே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள், மறுநாளும் ரோட்டைக் கடப்பாள் என்று பயந்தேன். உள்ளே கூட்டிப் போனேன். அன்றைக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. திரைகளில் பச்சை எழுத்து, மூலையில் பிரிண்டர் போடுகிற சத்தம். மாலையும் பட்டையும் இல்லை. அவள் கதவுக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். நீங்கள் ஒளிந்து விளையாடுகிறீர்கள் என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்ல ஆரம்பித்தேன். இது மெஷின். செருப்பைக் கழற்றச் சொல்வது தூசி உள்ளே போய்விடும் என்றுதான். இதற்கு வேலை சொல்வதுதான் அத்தையின் வேலை. அவள் அம்மாவின் பெயரை எடுத்துக் காட்டினேன்.

"இது ஒங்க அம்மா பேரு. இன்னைக்கு வேலைக்கு வந்திருக்காங்கன்னு இருக்கு பாரு."

"எங்க அம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?"

"இல்ல. அம்மா ரீலிங்ல இருக்காங்க. பேரு மட்டும்தான் இங்க இருக்கு."

"மிஸ் பேரு?"

"இல்ல. மிஸ் இங்க வேலை பாக்கல."

"போடுங்க."

எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. இன்னொரு கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. அதில் உங்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் திரையில் வர வர அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அடித்து முடித்து, பழக்க தோஷத்தில் என்டரைத் தட்டிவிட்டேன். அது வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னது.

"என்ன சொல்லுது?"

"இப்படி ஒரு பேரு எனக்குத் தெரியாதுங்குது."

செல்வி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ்ஸத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப இது சாமி இல்ல."

நான் மூன்று மாதமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவள் ஒரு நொடியில் முடித்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் இல்லையா மதினி? இல்லை. அடுத்து என்ன கேட்பாள் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப மிஸ் எங்க?"

"மிஸ் செத்துப் போயிட்டாங்க, செல்வி."

"அது தெரியும். எங்கன்னுதான் கேக்குறேன்."

"எனக்குத் தெரியல."

நாலு வயதுப் பிள்ளை ஒரு பெரிய மனுஷியைப் பார்த்து அப்படி இரக்கப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "பெரிய படிப்புப் படிச்சிருக்கீங்கன்னு மிஸ் சொன்னாங்களே" என்றாள். ஆமாம் என்றேன். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து எனக்குக் கொடுத்தாள்.

அதற்குள் செய்தி போய் மாரியம்மாள் வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. வந்த வேகத்தில் மகள் முதுகில் ஒன்று வைத்தாள், உடனே கட்டிக்கொண்டாள். "ஏண்டி, லாரிக்காரன் அடிச்சுப் போட்டிருந்தா நான் எங்க போயி நிப்பேன்?" செல்வி அழவில்லை. "மிஸ் அங்க இல்லம்மா. எங்கன்னு மாடி அத்தைக்குத் தெரியலயாம்" என்றாள்.

மாரியம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏம்மா, நல்லா இருக்காகன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்களுக்கு என்னா கொறஞ்சுபோகும்? எம் பிள்ளைக்குப் பேச்சே வராதுன்னு எல்லாரும் சொன்னப்ப, மடியில வச்சுப் பேச வச்ச மகராசி. நானே எங்கிட்டோ நல்லா இருக்காகன்னு நெனச்சுத்தான் தூங்குறேன். நீங்க எங்கயும் இல்லைங்குறீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு என்று வாய்வரை வந்தது. பஞ்சு ஒட்டிய அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம். பெரிய மிஸ்ஸும் இல்ல. பாத்துக்கிறதுக்கும் ஆளில்ல. கன்னிவாடியில எங்க அக்கா வீட்டுல விட்டுர்றேன், ஆடு மேச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றாள் மாரியம்மாள். வெறும் கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பயத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் நீங்கள் பேச வைத்த பிள்ளை மதினி. சேர்ந்த புதிதில் மாசக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தவள் முதன்முதலில் "தண்ணி" என்று சொன்ன அன்று, நீங்கள் மாடிக்கு ஓடிவந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிச் சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாரியம்மாளும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?"

"குறிச்ச தேதிக்கு நான் பள்ளிக்கூடத்துல பேசணும். அன்னைக்கு மட்டும் அனுப்பு. நீயும் வந்து உக்காரு. அப்பறம் ஒன் இஷ்டம்."

வந்தாள், ஷிப்டு மாற்றிக்கொண்டு. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொட்டுப் பார்க்க நான் ஒரு பழைய கீபோர்டு கொண்டுபோனேன். ஆளுக்கு ஒரு தடவை தட்டினார்கள். "ஒண்ணுமே வரலையே" என்றான் அந்தக் கைகூப்பிய பையன். விசிலுக்கு முன்னால் கீபோர்டு எம்மாத்திரம். எழுதிக்கொண்டு போன நாலு வரியையும் மடித்து வைத்துவிட்டேன்.

"இப்ப நான்தான் மெஷின். நீங்க மாடி அத்தை. எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒண்ணொண்ணா நீங்கதான் சொல்லணும். இந்தத் தூக்குல இருக்குற சோத்த என்னைச் சாப்பிட வைங்க பாப்போம்."

"சாப்புடுங்க."

"தெரியாது."

"வாயத் தொறங்க." திறந்தேன். "மெல்லுங்க." வெறும் வாயை மென்றேன். கூடமே சிரித்தது. "ஐயோ, சோத்த எடுக்கணும்." தூக்கின் மூடிமேல் விரலை வைத்து அப்படியே நின்றேன். "மூடியத் தொறக்கச் சொல்லுடா மொதல்ல" என்று ஒருத்தி அதட்டினாள். "வெஞ்சனத்த விட்டுட்டாங்க, வெஞ்சனம்" என்று பொரியலைக் காட்டியது இன்னொன்று. மூக்குக்குப் போன கை வாய்க்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. மூக்கின் மேல் ஒட்டிய பருக்கையைத் துடைக்க எவரும் சொல்லாததால் துடைக்கவில்லை. என்னை அந்தக் கோலத்தில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சொன்னால்தான் செய்யும், சொன்னதை மட்டும்தான் செய்யும், அவ்வளவுதான் கம்ப்யூட்டர். இதைச் சொல்ல எனக்கு எம்மெஸ்சி தேவைப்படவே இல்லை.

அப்போது செல்வி எழுந்தாள். அவள் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"மிஸ்ஸ நெனைங்க."

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மெஷின் அதைத்தான் சொல்லும். வாயைத் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை. உங்களை எடுத்துப் போனபோதும் அழாதவள், சுடுகாட்டிலிருந்து அண்ணன் திரும்பி வந்தபோதும் அழாதவள், மூக்கின் மேல் சோற்றோடு, கண்ணில் நீரோடு, பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன்.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாரியம்மாள் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "நாளைக்கும் அனுப்புறேன். நீங்க வாசல்ல இருந்தா." இப்போது மில் சங்கு ஊதிய பிறகுதான் வேலைக்குப் போகிறேன். பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வந்து, கேட்டைப் பூட்டும்வரை வாசலில் நிற்கிறேன். சாயங்காலத்துக்கு ஜெசிந்தா. மேனேஜர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை மதினி. ஜெசிந்தாவுக்கு நீங்கள் இருக்கும் இடம் நிச்சயமாகத் தெரியும். மாரியம்மாளுக்கு இடம் தெரியாது, நீங்கள் நன்றாக இருந்தால் போதும். அண்ணன் இரண்டையும் பேசுவதில்லை. காலையில் இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிவிட்டு, இரண்டையும் அவரே குடிக்கிறார். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு சாமியைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கொடுக்க என் கையில் என்ன இருந்தது? தெரியாது என்ற ஒரு சொல். அதைக் கொடுத்தது நேர்மையா, கருமித்தனமா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏதாவது சொல்லியிருப்பீர்கள், பிள்ளை நம்பியிருக்கும், நான் மாடியிலிருந்து முகம் சுளித்திருப்பேன்.

செல்வி இப்போது ரோட்டுப் பக்கம் போவதில்லை. சில நாள் மட்டும் வாசலில் வந்து என் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். நேற்று கேட்டாள், "தெரிஞ்சுச்சா?" இன்னும் இல்லை என்றேன். "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

அதனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எனக்குத் தெரியாத இடத்தை இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இனி உங்களைத் தேடி எந்தப் பிள்ளை கிளம்பினாலும், வாசலைத் தாண்டுமுன் அதன் கையை நான் பிடித்திருப்பேன். நானும்தான் தேடுகிறேன், வா, இங்கே உட்கார்ந்து தேடுவோம் என்பேன்.

இப்படிக்கு,
பதில் தெரியாமல் உங்கள் வாசலில் நிற்கும்
உங்கள் நாத்தனார்
சாந்தி